அவள் சொன்ன வாசனையெல்லாம்...

"மழைக்கு முந்தின மண்," என்றாள் அவள், ஒயின் கோப்பையிலிருந்து மூக்கை எடுக்காமலே.

"ஆமா... மழைக்கு முந்தின மண். காத்து லேசா குளிர ஆரம்பிக்குமே, அந்த நேரத்து மண்," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். யாரை? அவனை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார் இவன்? சில வாரங்களுக்கு முன்னால் ரொட்டி கொடுக்க வந்தவன். ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்துகொள்ள வெறும் ரொட்டி வேண்டும். தெருமுனை பேக்கரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு போவானேன் என்று அவளுடைய சித்தப்பா அவனை உட்காரச் சொன்னார். காலியாக இருந்ததோ அவளுக்கு இடப்பக்கத்து நாற்காலி. பெரிய கண்கள் அவனுக்கு... இமையோரம் இன்னும் மழைத்துளி காயாத கண்கள். ஒரு பார்வை பார்த்தான். அவளுக்கும் உள்ளே ஏதோ செய்தது உண்மைதான். கன்னம் சூடானதற்கு ஒயின்மேல் பழியைப் போட்டாள். அதெல்லாம் அவன் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

பெரிய மனிதர்களின் கிளப் ஒன்றும் இல்லை அது. போட்டோ ஃபிரேம் கடை வைத்திருக்கும் சித்தப்பா, ஞாயிறு சாயங்காலம் கடை மாடியில் தெரிந்தவர்களைக் கூட்டி வைப்பார். ஆளுக்கொரு சிவப்பு ஒயின் கொண்டுவர வேண்டும். லேபிள் தெரியாதபடி பாட்டில்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டிவிடுவார், துவைத்ததுதான் என்று சத்தியமும் செய்வார். சிலியா, இத்தாலியா, ஸ்பெயினா என்று தெரியாமல் முகர்ந்து, குடித்து, வரிசையாக ஒவ்வொருவரும் தோன்றியதைச் சொல்ல வேண்டும். வெயில் ஊர்த் திராட்சை ஜாம் மாதிரி கனிந்து வரும். குளிர்ந்த மலைச்சரிவுத் திராட்சையில் புளிப்பும் மிளகும் எட்டிப் பார்க்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. அங்கே இருந்த ஒரே சட்டம் அது.

அந்தச் சட்டத்துக்காகத்தான் அவள் வந்தாள். அவள் பல் டாக்டர். நாள் முழுக்க அவள் பேசுவது வாயைப் பிளந்துகொண்டு விட்டத்தைப் பார்க்கிறவர்களிடம். பயத்தில் அவர்கள் காதில் ஒன்றும் ஏறுவதில்லை. வீட்டிலோ அவள் ஒரு பேச்சைத் தொடங்கினால் அக்கா நடுவில் பிடுங்கி முடித்துவிடுவாள், அதுவும் தப்பாக. அம்மா அதற்குத்தான் பதில் சொல்வாள். இந்த ஓர் அறையில்தான் அவள் பேசினால் நாலு பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். இங்கேயும் ஒருத்தன் வந்து, அவள் பெற்றதைத் தூக்கிப் புதுச் சட்டை மாட்டித் தன் பிள்ளை என்று காட்டுகிறானே... அடுக்குமா?

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். வறுத்த காப்பிக்கொட்டை என்றாள், அவனும் காப்பிக்கொட்டை. மிளகு என்றாள், அவனுக்கு இடித்த மிளகு. சித்தப்பாவிடம் முறையிட்டால், பையன் உன் பேச்சில் சொக்கிக் கிடக்கிறான், இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்று சிரித்தார். கடைசியில் அவனிடமே கேட்டுவிட்டாள்.

"சொந்தமா ஒரு வாசனைகூட வராதா உங்களுக்கு?"

அவன் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, நீங்கள் சொல்வதே சரியாக இருக்கிறதே என்று மழுப்பினான். என்ன நெஞ்சழுத்தம்!

இருக்கட்டும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, மூன்றாவது பாட்டில். பழுத்த செர்ரி, கொஞ்சம் புகை... ஸ்பெயின் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. நிதானமாக முகர்ந்தாள். கண்ணை மூடினாள்.

"அந்துருண்டை," என்றாள்.

அறையே திரும்பிப் பார்த்தது. அவன் கோப்பையைத் தூக்கி, அவனும் கண்ணை மூடினான்.

"ஆமா... அந்துருண்டை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தா வருமே..."

சித்தப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. யாரோ மேசையைத் தட்டினார்கள். அவள் எழுந்து நின்று, இவருக்கு ஒன்றுமே தெரியாது, நான் சொல்வதைத் திருடுவதுதான் இவர் வேலை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவன் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஜெயித்தாயிற்று. ஆனால் ஜெயித்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சண்டைக்கு நிற்காமல் போகிறவனை என்ன செய்வது? அதுவும் ஒரு திமிர்தானே. இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பின்னாலேயே ஓடினாள்.

கடை வாசலில், தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்தான். சாய்ந்து விழுந்த மழையில் ஒரு பக்கத் தோள் நனைந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"ஒரு காய்ச்சல் வந்துச்சுங்க. போகும்போது மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு எந்த வாசனையும் தெரியாது. ரொட்டி கருகினாக்கூடத் தெரியாது. ஓவன்கிட்ட எங்க அம்மாதான் நிக்கிறாங்க."



அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். மழைக்காக உட்கார்ந்த அன்றைக்கு, மற்றவர்கள் பேசியதெல்லாம் அவனுக்கு வெறும் சொற்களாகத்தான் இருந்தன. அவள் பேசியபோது மட்டும்...

"வாசனை வரலை. ஆனா அது எப்படி இருக்கும்னு ஞாபகம் வந்துச்சு. சட்டுனு போயிடும். உடனே நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தா, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அதுக்குத்தாங்க சொன்னேன். நீங்க சொன்னது ஒண்ணுவிடாம எனக்குள்ள இருக்கு."

சொல்லவும் சொன்னான். சிலி ஒயினில் அவளுக்கு வந்த பென்சில் சீவிய தூள். இத்தாலி ஒயினில் புதுத் தோல் பை. அவளே மறந்துபோனதையெல்லாம், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவள் இழுத்த இடத்தில் இழுத்து... மாடியில் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டவர்கள் அடுத்த பாட்டிலுக்குள் மறந்திருப்பார்கள். உலகத்தில் ஒருத்தன் இப்படியா அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்? கண் கலங்கியது. அதற்கும் கோபம்தான் வந்தது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? மூஞ்சிக்கு நேரா கேட்டேனே. இப்போ நாலு பேர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்படி பண்ணிட்டு... எனக்கு எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா?"

"சொல்லியிருந்தா பாவம்னு பார்த்திருப்பீங்க," என்றான். "பாவம்னு பார்க்கிறவங்ககிட்ட, உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு எப்படிங்க சொல்றது?"

தகரத்தின்மேல் மழை கொட்டியது. அந்தப் பெரிய கண்கள் இப்போது அவளைப் பார்க்கப் பயந்தன... அவள் ஓரடி கிட்டே போனாள். இன்னும் ஓரடி.

"வெண்ணெய்," என்றாள், அவன் தோளருகில் முகத்தை வைத்து. "வெந்த மாவு. நனைஞ்ச பருத்திச் சட்டை. முதல் நாளே வந்த வாசனை. முதல் நாளே பிடிச்ச வாசனை."

"கோபமாவே சொல்றீங்களே..."

"ஆமா, கோபம்தான். இது தீர்ற வரைக்கும் காத்திருந்தா இந்த ஜென்மத்துல சொல்ல மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"