செவ்வாயும் வெள்ளியும் முட்டை இல்லை

உயிரினங்களிலேயே உருப்படியாக முடிவெடுக்கத் தெரிந்தது முட்டையிடப் போகும் பெண் கொசு ஒன்றுதான். பூச்சியியல் துறையின் ஆராய்ச்சி மாணவன் மூன்றாண்டு உழைப்புக்குப் பின் இதை உறுதி செய்திருந்தான். பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீர் தோதுப்படும் என்பதை அது மோந்தே கண்டுபிடிக்கும். வைக்கோல் ஊறிய வாடை வந்தால், அங்கே நுண்ணுயிர் உண்டு, புழுக்களுக்குத் தீனி உண்டு. இறங்கிவிடும். மனிதன் என்ன செய்கிறான்? அவனுடைய அண்ணன், வருங்கால அண்ணியைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் கழுத்தில் சென்ட்டைக் கொட்டிக்கொள்கிறான். "பொய் விலாசம் எழுதுறே அண்ணே" என்றதற்கு அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

அன்று நல்ல மழை. அவன் வைக்கோல் ஊறும் வாளியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன... இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று. மீதி முகத்தைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தாள்.

"முட்டை எண்ணுற வேலைக்கு வந்திருக்கேன்... ஏங்க, இங்க ஏதாவது செத்துக் கிடக்கா?"

"இல்லைங்க. இது கொசுவுக்குப் பிரசவ வார்டு."

"பாவம் கொசு."

"செவ்வாய், வெள்ளி வந்தாப் போதும். பூ, பவுடர், சென்ட் எதுவும் ஆகாது. கிண்ணத்துல வாசனை பட்டா கொசு கிட்டயே வராது."

"மாமியார் வீட்டுலகூட இவ்வளவு கண்டிஷன் இருக்காதுங்க."

துளி விழுந்தது. அவனும்தான்... ஆனால் அதை எந்த அட்டவணையிலும் பதியவில்லை.

காலையில் கொசுக் கூண்டுக்குள் வைக்கோல் தண்ணீர்க் கிண்ணங்களை வைப்பது அவன் வேலை. கிண்ணத்தின் உட்புறம் ஒட்டிய காகிதப் பட்டையில் கொசு கரும்புள்ளியாக முட்டையிடும். சாயங்காலம் அந்த இரண்டு நாளும் அவள் எண்ணுவாள், மற்ற நாளில் அவனே.

ஐந்தாவது வாரம் பேராசிரியை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"மத்த நாள்ல இருநூறு, முந்நூறு. இந்தப் பொண்ணு வர்ற நாள்ல மட்டும் பட்டை சுத்தமா இருக்கு. என்னம்மா பூசிட்டு வர்றே?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

"கொசு பொய் சொல்லாதும்மா. அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவள் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "அஞ்சு வாரமா தலைக்கு எண்ணெய்கூட வைக்கலை மேடம். இந்த வேலை நிரந்தரமாகும்னு வீட்டுல சொல்லிட்டேன்..."

வறண்டு பறந்த அந்தக் கூந்தலை அவன் அப்போதுதான் பார்த்தான். வாயைத் திறந்தால் ஐந்து வார ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. அண்ணன் காதுக்குப் போனால்... ஆயுசுக்கும் போதும்.

"மேடம்... நான்தான்."

"என்ன நீதான்?"

"சென்ட். அண்ணனோடது."

"அந்த ரெண்டு நாள் மட்டும் எதுக்குப்பா?"

விஞ்ஞானி அல்லவா, சரியான கேள்வியைத்தான் கேட்பார். அவன் வாளியைப் பார்த்தான். வாளி உதவவில்லை. பேராசிரியை அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நோட்டை மேஜையில் வைத்தார்.

"காரணம் எழுதி வை. முதல்லேர்ந்து ஆரம்பி. நீ இருந்துக்கோம்மா."

அவர் போன பிறகு அவன் எழுதினான்: 'கிண்ணம் வைத்தவர் சென்ட் பூசியிருந்தார்.'

அவள் எட்டிப் பார்த்தாள். "அது சென்ட்டா? நான் பினாயில்னுல்ல நெனச்சேன்."

அவன் பேனாவை மூடினான்.

"எதுக்குப் பூசினார்னு எழுதலையே?"

"இடம் இல்லைங்க."

"அடுத்த பக்கம் காலியாத்தானே இருக்கு..."

பக்கத்தைத் திருப்பினான். மூன்றாண்டாக ஆய்வேடு எழுதிப் பழகிய கை, ஒரே ஒரு வரிக்கு இரண்டு முறை நின்றது.

அவள் படித்தாள். இன்னொரு முறை, முட்டை எண்ணுகிற நிதானத்தோடு.

"ஞாயித்துக்கிழமை கொசுவுக்கு லீவுதானே?"

"ஆமாங்க."

"அன்னைக்குப் பூசிக்கிட்டு வாங்க." கதவு வரை போய்த் திரும்பினாள். "கொஞ்சமா."