டி-7 இருக்கையில் ஒரு மனிதன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே முந்நூற்று நான்கு பதிலாள்களும் கோவில்பட்டித் தியேட்டர் வாசலில் வரிசைகட்டி நின்றுவிட்டன. பதிலாள் என்றால் இயந்திரம். முதலாளி வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். இது வந்து அவருக்குப் பதிலாக விசிலடித்து, கண்கலங்கி, முழுப்படமும் பார்த்துவிட்டுப் போகும். சாயங்காலம் அதன் நினைவை நாலே நொடியில் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு, "படம் மொக்கை" என்பார். அறுபது வருடமாக ஊரே இப்படித்தான் சினிமா பார்க்கிறது.

மேலாளர் வைரக்கண்ணு விடிந்ததிலிருந்து ஒரு மனிதனைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். காட்சிக்கு ஒரு மனிதனாவது உட்காராத இடம் தியேட்டர் இல்லை, கிடங்கு என்று புதுச் சட்டம். இன்று ஆய்வு. மனிதன் இல்லையென்றால் கையோடு சீல். முப்பது வருடப் பிழைப்பாயிற்றே! ஊரெல்லாம் கெஞ்சினார். மூன்று மணி நேரமா என்று சிரித்தார்கள். கடைசியில் மைத்துனன் சுடலைமுத்துவின் காலில் விழாத குறை.

"மாப்ளே, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திரு, போதும்."

"சரி அத்தான். இடைவேளைக்கு ரெண்டு முட்டை பப்ஸ் வந்திரணும்."

படம் தொடங்கிப் பத்தே நிமிடம். டி-7இல் இருந்த சுடலைமுத்து உள்ளங்கைத் திரையைத் தட்டினான். கிரிக்கெட் பார்த்தான். படத்தின் முடிவை எங்கோ தேடிப் படித்து நண்பர்களுக்கு அனுப்பினான். கதாநாயகனின் தாய் செத்தபோது கொட்டாவி விட்டான். பக்கத்துப் பதிலாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் அணைங்க" என்று கெஞ்சியது.

படம் முடிந்ததும் ஆய்வாளர் பொற்கொடி தன் லயமானியைப் பார்த்தார். "இயந்திரத்துக்கு மாட்டத் தோலும் நாடியும் இப்ப கடையிலயே விக்குது. அதனால லயிச்சுப் பாக்கிறவங்கதான் மனுசங்கன்னு கணக்கு" என்றவர் படித்தார். "மனிதர் 304. இயந்திரம் 1. டி-7. நிமிரவே இல்ல, சிரிப்பில்ல, அழுகையில்ல. பழுதா இருக்கும், வெளிய எடுத்துப் போடுங்க."

வைரக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அத்தான், நான் மனுசன் அத்தான்!"

"வாயை மூடுடே" என்று அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மைத்துனனாவது, மண்ணாங்கட்டியாவது!

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போடக் குனிந்தார். "நானும் கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன். அந்தக் கடைசிக் காட்சி உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

வைரக்கண்ணு தன்னையறியாமல் உள்ளங்கைத் திரையைத் திறந்து பார்த்தார்.

"மூணேகால் ஸ்டார், மேடம்."

பொற்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு 'இயந்திரம் 1' என்பதை அடித்துவிட்டு எழுதினார்: இயந்திரம் 2.