ஜன்னல் வரைக்கும் ஒரு தண்டவாளம்

திருச்செங்கோட்டுல ஒரு மாடி ஊடு இருக்குதுங்க சாமி. கீழ தனப்பிரியா ஊடு, மேல பிரவீனா ஊடு. ரெண்டு பேரும் அஞ்சாம் வகுப்பு. ஒருத்தி சோறு உண்டா இன்னொருத்திக்கு ஏப்பம் வரும், அப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்கறவளுக.

அப்பேர்ப்பட்டவளுக பேச்ச நிறுத்திட்டாளுக.

என்ன ஆச்சுன்னா, துவைக்கற கல்லு மேலிருந்து குதிச்சுப் பிரவீனா காலை முறிச்சுக்கிட்டா. மாவுக்கட்டுப் போட்டு மாடியில ஜன்னலோரமா படுக்க வெச்சுட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே தனப்பிரியா அந்த ஜன்னலுக்கு நேர் கீழ பேட்டரி ரயில ஓட்டி, தெருப் புள்ளைங்களோட கெக்கேபிக்கேன்னு சிரிச்சிருக்கறா. மேல படுத்துக் கெடக்கறவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

மறுநாள் புதன்கெழம பாக்கப் போனா, பிரவீனா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

"உன்ற ரயிலு தானா ஏறி என்ற ஜன்னலுக்கு வரட்டும். அப்பப் பேசறேன், போ."

ஞாயித்துக்கெழம அவள ஓமலூர்ல அத்தை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவா. பேசாமயே போயிட்டா என்ன பண்றது? ஏத்தியே தீருவேன்னு தனப்பிரியா முடிவு பண்ணிட்டா.

லாரி பாடி கட்டற பட்டறையில மிச்சமான தகரத்தக் கேட்டு வாங்கியாந்தா. சந்து ரொம்பக் குறுகல். தகரத்தச் சாய்க்க எடமில்ல, சுவத்த ஒட்டி நட்டமாத்தான் நிக்குது. அதுல தண்டவாளத்த ஒட்டி ரயில வெச்சா, பொத்துன்னு உழுந்துச்சு.

அவங்க அப்பா மோகன்குமார் முட்டை லாரி ஓட்டறவரு. கொல்லிமலை ஏறறப்ப காலி வண்டி வழுக்கும், லோடு இருந்தாத்தான் டயரு ரோட்டப் பிடிக்கும்னு சொன்னாரு. லாரிக்காரரு மகளாச்சே, அவளும் அப்படியே நம்பி, ரயில் பெட்டிக்குள்ள நட்டு போல்ட்டெல்லாம் ரொப்பி ஏத்துனா. ரயிலு இன்னும் வேகமா உழுந்து அப்பா கால் வெரல் மேலயே எறங்குச்சு. அவரு அன்னைக்கு அதுக்கப்பறம் யோசனை எதுவும் சொல்லலீங்க.

சக்கரத்துக்கு ரப்பர் பேண்டு மாட்டிப் பாத்தா. அதுவும் ஆகல. வெள்ளிக்கெழமையும் போச்சு.

சனிக்கெழம, அம்மாவுக்குச் சோறு குடுக்க, அவங்க வேலை பாக்கற கோழித் தீவன மில்லுக்குப் போனா. அங்க மக்காச்சோளம் சடசடன்னு சறுக்கி உழுகுது. நடுவுல ஒரு காந்தம் வெச்சிருக்கறாங்க, கோழி வயித்துக்குள்ள ஆணி போயிறக் கூடாதுன்னு. சோளமெல்லாம் கீழ போகுது, ஆணி மட்டும் காந்தத்துல ஒட்டிக்கிட்டு அசையாம நிக்குது.

தனப்பிரியா சோத்துப் போசியக் குடுக்கறதையே மறந்துட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னா. ரயிலுக்குப் பளு வேண்டாம், பிடிதான் வேணும்.

ஊட்டுக்கு வந்ததும் அம்மாவக் கேட்டுக்கிட்டு, பிஞ்சுபோன கைப்பையோட காந்தப் பட்டன் ரெண்டையும் பிரிச்செடுத்தா. பெட்டியெல்லாம் கழட்டிட்டா, இஞ்சின் மட்டும் போதும். அதோட அடியில காந்தத்த ஒட்டுனா. தண்டவாளத்தோட நடுக்கட்டைகள வெட்டி எடுத்துட்டா, காந்தத்துக்கு நேரா தகரம் தெரியற மாதிரி. முதல்ல காந்தம் தகரத்துல அப்பிக்கிட்டு நகர மாட்டேங்குது. கொஞ்சம் மேல தூக்கி ஒட்டுனா உழுகுது. தூக்கறது, எறக்கறதுன்னு பத்துத் தடவை. ராத்திரி அம்மா வெளக்க அணைக்கற வரைக்கும் உடல.

ஞாயித்துக்கெழம காலையில கார் வாசல்ல வந்து நின்னுருச்சு. தனப்பிரியா இஞ்சினைத் தகரத்துல வெச்சு சுவிச்சப் போட்டா.

கிர்ர்ர்னு சத்தம். ஏறுது. கதவுயரம் தாண்டிருச்சு. ஜன்னலுக்கு ஒரு சாண் கீழ போனதும் நின்னு போச்சு. ராத்திரி ஓட்டி ஓட்டிப் பாத்ததுல பேட்டரி தீந்துபோச்சு. ஆனா உழுகல, பல்லியாட்டம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது.

குச்சியால தள்ளி உடலாம்னு அப்பா சொன்னாரு. அவ மாட்டேன்னுட்டா. தானா வரணும்னுதானே பேச்சு? பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடத் திரும்புனா.

அப்ப ஜன்னல்ல இருந்து ஒரு கை நீண்டு, இஞ்சினைப் பிடிச்சுத் தூக்குச்சு.

"எங்க புள்ள ஓடற? ஸ்டேஷன் இதுதான். வந்து சேந்துருச்சு," அப்படின்னா பிரவீனா.

தனப்பிரியா மூணு மூணு படியாத் தாண்டி மேல ஓடுனா. நாலு நாளு சேத்து வெச்ச பேச்சு அம்புட்டும் கொட்டுச்சு. கார் டிரைவர் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்தாரு. அப்பறம் வண்டிய அணைச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.