ஈரத்தில் காயும் பால்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலைன்னா என் வீட்டுக்காரர் வீட்டை விட்டே போகணுமாம். எங்கண்ணன் சொல்லிட்டார்" என்றாள் வந்தவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டிருந்தாள்.

ஊரார் நிதானம் என்று கூப்பிடும் துப்பறிவாளர் கேட்டுக்கொண்டிருந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் எப்போதும் துடிக்கும் அவருடைய மச்சான், அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். அவளுடைய அண்ணன் பட்டறையில் மேசைகளுக்கு மரப்பால் பூசுவார்கள். மரத்தைக் கீறி வடித்த பால். இறுகிவிட்டால் கண்ணாடிபோல் மின்னும். இறுகுமுன் மேலே பட்டால், பழகாத தோல் ஓரிரு நாளில் தடித்து வீங்கிவிடும். நாளை வாங்குபவர் பார்க்க வருகிற பெரிய மேசைக்கு அண்ணன் கடைசிப் பூச்சைப் பூசியிருந்தார். முந்தாநாள் மத்தியானம் பூச்சு இறுகுமுன் யாரோ அதை உளியால் தாறுமாறாகச் சுரண்டிவிட்டார்கள். அன்று சாயங்காலமே தங்கை புருஷனான மாப்பிள்ளையின் இடது கை வீங்கியிருந்தது. அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

பட்டறையில் மச்சான் முதல் ஆளாக நுழைந்தார். "சுவரெல்லாம் ஈரத்துணி! கெடுத்தவன் தண்ணியையும் ஊத்திட்டுப் போயிருக்கான்!"

"அது நாங்க தொங்கவிடுறது" என்றார் அண்ணன், கைகளைப் பின்னால் கட்டியபடி. "இந்தப் பால் வெயில்ல காயாது. ஈரக் காத்துலதான் இறுகும். மத்தியானம் ஒருதரம் துணியை நனைக்கணும்."

"முந்தாநாள் நனைச்சது யாரு?" என்று கேட்டார் நிதானம்.

பட்டறைத் தச்சர், "நானில்லீங்க. அந்த வாடை பட்டாலே எனக்கு மூஞ்சி பூசணிக்காயாயிடும்" என்றார். மாப்பிள்ளை கடையில் இருந்ததாகச் சொன்னார். "நான் வந்து பார்த்தப்பவே நனைஞ்சிருந்தது, கதவும் சாத்தியிருந்தது" என்றார் அண்ணன்.

நிதானம் மேசையைக் குனிந்து பார்த்தார். உளியின் பிடி முழுக்கப் பால் ஈஷி இறுகியிருந்தது. மேசையின் ஒரு மூலையில் மட்டும் உளி படவில்லை. அங்கே பிரஷ் போன தடம் அலையலையாக நெளிந்திருந்தது.

"மாப்பிள்ளை, கை எப்போ அரிக்க ஆரம்பிச்சது?"

"அன்னைக்குக் காலையிலேயே. அதுக்கு முந்தின நாள் சிந்தின பாலைத் துடைச்சேன்."

"பார்த்தீங்களா, நழுவுறார்!" என்று மச்சான் துள்ளினார்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். பால் பட்டவுடனே வீங்காது. மத்தியானம் தொட்டிருந்தா அன்னைக்குச் சாயங்காலமே எப்படி வீங்கும்? உளி பிடிக்கிற வலது கை இதுவரைக்கும் சுத்தமா இருக்கு. தச்சர் முகத்துல ஒரு தடிப்புகூட இல்லை. அந்த உளியைப் பிடிச்ச கையை மரப்பால் ஒண்ணும் செய்யலைன்னா, அது வருஷக்கணக்கா பாலோட பழகின கை." அவர் குரல் தணிந்தது. "எதிரியா இருந்தா கெடுத்துட்டு ஓடியிருப்பான். இவர் துணியை நனைச்சு, கதவையும் சாத்திட்டுப் போயிருக்கார். பழக்கம் விடலை."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். நிதானம், "கையை முன்னாடி நீட்டுங்கய்யா" என்றார்.

அண்ணன் நீட்டினார். விரல்கள் நடுங்கின. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. "கோடு நெளிஞ்சுபோச்சு" என்றார். "இத்தனை வருஷத்துல ஒருத்தன் என் பூச்சைக் குறை சொன்னதில்லை. கெட்ட பேர் வேற யாருக்காவது போகட்டும்னு..."

"நடுங்கினது உன் கை. வீட்டை விட்டுப் போகவேண்டியது இவரா?" தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவ்வளவு நேரமும் நிலைகொள்ளாமல் இருந்த மச்சான்கூட அசையாமல் நின்றார்.

மாப்பிள்ளைதான் பேசினார். "நாளைக்கு அவங்க வந்தா மேசைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அண்ணன் இந்தமுறை கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்லவேண்டாம் மாப்பிள்ளை. நானே சொல்லிக்கிறேன். பக்கத்துல மட்டும் நில்லுங்க."