பள்ளத்து மிளகுக்கொடி

கயிற்றை விட்டுக் குதித்ததும் நீலவேணி முழங்கால்வரை சேற்றில் புதைந்தாள். "சிரிக்காம கையைக் குடு" என்றாள். அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பிரிட்டோ சிரித்துக்கொண்டேதான் தூக்கிவிட்டான். பின்னாலேயே அவள் அண்ணன் செல்லாண்டி, இந்த வயதிலும் மளமளவென்று இறங்கி வந்தார்.

தாண்டிக்குடிக்குக் கீழே இருக்கும் இந்தப் பள்ளத்தில் யாரும் காலை வைப்பதில்லை. ஊரெல்லாம் மிளகுத் தோட்டங்கள் வாடல் நோயில் கருகிக்கொண்டிருக்க, இங்கே ஒரு காட்டு மிளகுக்கொடி மட்டும் பச்சைப்பசேலென்று பலாமரத்தில் ஏறி நின்றது. போன மழைக்காலத்தில் நீலவேணிதான் அதைக் கண்டுபிடித்து இலை பறித்துப் போனாள். அதன் மரபணுக்களை முழுக்கப் படித்தபோது, தோட்டத்து மிளகில் இல்லாத ஒன்று அகப்பட்டது. நோயைத் தடுப்பது அதுதான் என்று ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் ஆடியது. இனி வேண்டியது வெட்டி நட உயிருள்ள தண்டு. தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பீன்ஸ் போட இருந்த செல்லாண்டி, தங்கையின் பேச்சை நம்பி ஒரு வருடம் வருமானமில்லாமல் காத்திருந்தார்.

"முத கன்னு எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்றார்.

"ஒங்களுக்கு இல்லாமயாண்ணே? பாறை வழுக்குது, பாத்து வாங்க."

அட்டைகளைப் பிய்த்தெறிந்து, ஓடையைத் தாண்டி, முட்புதரில் தவழ்ந்து பலாமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொடி உச்சிவரை கருகித் தொங்கியது.

செல்லாண்டி அடித்தண்டை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "நம்ம தோட்டத்து வாடலேதான்."

"இதுக்குத்தான் எதிர்ப்பு இருக்கேண்ணே?" என்றான் பிரிட்டோ.

நீலவேணி குனிந்து தன் பூட்சைப் பார்த்தாள். போன வருடம் இலை பறிக்க வந்த அன்று காலையில் அண்ணன் தோட்டத்தில் அழுகிய வேர்களைத் தோண்டினாள். மத்தியானமே அந்தச் சேற்றுப் பூட்சோடு இங்கே இறங்கினாள். கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"எதிர்ப்பெல்லாம் இல்ல, பிரிட்டோ. நோய் இங்க வந்ததே இல்ல, அதான் தப்பிச்சு நின்னிருக்கு. நாந்தான் கால்ல கொண்டாந்து விட்டேன்."

"அப்போ அந்த மரபணு?"

"அது வேற எதுக்கோ."

பிரிட்டோ சோர்ந்துபோய்விடவில்லை. "ஓடை நெடுகக் கொடி கெடக்குக்கா. அதுல ஒண்ணாவது நெசமாவே தாங்காதா?" என்று இறங்கப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாத. நாம மூணு பேருமே அண்ணன் தோட்டத்துல இருந்துதான வந்திருக்கோம்."

செல்லாண்டி ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியும் அந்தக் கொடிங்க பக்கந்தான போகுது" என்றார்.

வீடு திரும்பியதும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது நீலவேணிக்கு மனம் ஆறியிருக்கும்.

"நீ போய்ப் படும்மா, வேணி" என்றார்.

அவள் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரிசையின் மறுமுனைக்குப் போய், முதல் கொடியை வேரோடு நெம்பினாள்.