பொட்டலத்தின் குறைகள்

போன வருடம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, அவள் கிடுகிடுவென்று வளர ஆரம்பித்தாள். சட்டை குட்டையானது. செருப்பு குட்டையானது. கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் குதிரையும் குட்டையாகிவிட்டது.

வீட்டில் எல்லாரும் அவளை நெட்டை என்று கூப்பிட்டார்கள். குதிரையின் பெயர் பொட்டலம்.

பொட்டலம் ஒரு மட்டக்குதிரை. மட்டக்குதிரை என்றால் குட்டி என்று நினைத்துவிடக் கூடாது. முழுதாக வளர்ந்த பிறகும் அதன் உயரம் அவ்வளவுதான். சாம்பல் நிறம், உருண்டை வயிறு. யாரோ அவசரத்தில் கட்டிய பொட்டலத்துக்கு நான்கு கால் முளைத்ததுபோல் இருக்கும். அது அந்த வீட்டுக்கு வந்தபோது நெட்டை நெட்டையாக இல்லை. சேணத்தின்மேல் அவளைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

அப்பா குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவர். அம்மா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த லாயத்தில் ஆறு தடுப்புகள், ஆறிலும் குதிரைகள். வருடத்துக்கு ஒருமுறை அப்பாவும் அம்மாவும் லாயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார்கள். எந்தக் குதிரை இருக்கலாம், எந்தக் குதிரை வேறு இடத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்வார்கள்.

"கறுப்பனுக்கு வயசாச்சு," என்றார் அப்பா.

"ஆனா புதுசா கத்துக்க வர்றவங்களுக்கு அவன்தான் சரி. அவன் இருக்கட்டும்," என்றார் அம்மா.

கறுப்பன் தப்பித்தான். அடுத்த தடுப்பு பொட்டலத்துடையது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலேயே ரொட்டியைக் கடித்துக்கொண்டு வந்த நெட்டைக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"என்ன?" என்றாள்.

"பொட்டலத்தை வித்துடலாம்னு பார்க்கறோம்," என்றார் அப்பா.

"எதுக்கு?"

"நீ அதுமேல போறப்போ உன் கால் ரெண்டும் தரையைக் கூட்டுது. என்கிட்ட கத்துக்க வர்றவங்க எல்லாரும் பெரியவங்க, அவங்களுக்கும் இது ஆகாது. உனக்கு ஒரு பழுப்புக் குதிரை சொல்லி வச்சிருக்கேன். அது வந்தா நிறுத்த இடம் வேணுமே?"

"நான் முட்டியை மடக்கி வச்சுக்கறேன்."

"எத்தனை நாளைக்கு? இன்னும் வளருவியே."

"வளர மாட்டேன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது உன் கையிலயா இருக்கு?"

நெட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். ரொட்டியின் மிச்சத்தைப் பொட்டலம் சாப்பிட்டது. அதற்கு இந்தப் பேச்சில் எந்த ஆர்வமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஊர்ப்பக்கம் குதிரை விற்பதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. குதிரையின் நல்ல குணங்களை விற்கிறவர் சொல்லலாம். ஆனால் குறைகளை, தினமும் அதன்மேல் ஏறுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது, இல்லாததைக் கூட்டவும் கூடாது. எல்லாம் ஒத்துவந்தால், ஏறுகிறவரே கயிற்றை வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் வியாபாரம் இல்லை.

"குறை தெரிஞ்சு வாங்கின குதிரை திரும்பி வராது," என்பார் அப்பா.

பொட்டலத்தின்மேல் தினமும் ஏறுகிறவள் யார்? நெட்டைதான். இது நினைவுக்கு வந்ததும் அவள் முகம் தெளிந்தது. குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

முதலில் வந்தவர் படக்கடைக்காரர். குழந்தைகளைக் குதிரைமேல் உட்கார வைத்துப் படம் எடுத்தால் கடைக்குக் கூட்டம் வரும் என்பது அவருடைய யோசனை. தலையில் அழகான தொப்பி வைத்திருந்தார்.

"நல்ல அமைதியான குதிரை," என்று அப்பா ஆரம்பித்தார். "அசையாம நிக்கும்."

"குறை ஏதாவது உண்டா பாப்பா?"

"தொப்பி தின்னும்," என்றாள் நெட்டை.

"என்னது?"

"தலையில எது இருந்தாலும் தின்னும். தொப்பி, ரிப்பன், காகிதப்பூ, எல்லாம். போன வாரம்கூட தபால்காரர் தொப்பியைத் தின்னுடுச்சு. பாவம், அவர் வெயில்லயே போனார்."

படக்கடைக்காரர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். பொட்டலம் தலையைத் தூக்கி அந்தத் தொப்பியை மிகுந்த மரியாதையோடு பார்த்தது. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

அடுத்து வந்தவர் கண்ணாடிச் சாமான் விற்கிற பெண்மணி. தெருத்தெருவாகப் போக ஒரு சின்ன வண்டி வைத்திருந்தார். அதை இழுக்க ஒரு சின்னக் குதிரை வேண்டுமாம்.

"தண்ணி தேங்கியிருந்தா போதும், நின்னு தன் முகத்தைப் பார்த்துக்கும்," என்றாள் நெட்டை.

"எவ்வளவு நேரம் பார்க்கும்?"

"அதுக்குத் திருப்தி ஆகற வரைக்கும்."

"மழைக்காலத்துல?"

"மழைக்காலத்துல நாங்க வெளியிலயே கூட்டிட்டுப் போறதில்லைங்க. அப்புறம், யாராவது பின்னால நின்னு தும்மினா திடுக்குனு ஒரு குதி குதிக்கும்."

அந்தப் பெண்மணிக்குத் தன் கண்ணாடித் தம்ளர்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அப்பா தாடையைச் சொறிந்தார். "நீ பொய் ஏதாவது சொல்றியா?"

"ஒண்ணுகூட இல்லையே. வேணும்னா நீங்களே பின்னால நின்னு தும்மிப் பாருங்க."

"வேண்டாம், தெரியும். ஆனா இவ்வளவு சந்தோஷமா ஒருத்தர் குறை சொல்லி நான் பார்த்ததில்ல."

நெட்டை அன்று பொட்டலத்துக்கு இரண்டு கேரட் அதிகமாகக் கொடுத்தாள். குதிரைக்குக் கொம்பு முளைத்தாலும் முளைக்கும், பொட்டலத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். காக்கிச் சீருடையில், வேலை முடிந்த கையோடு வந்திருந்த ஒரு பெண்மணி. அவர் மட்டும்தான் வந்திருக்கிறார் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பிறகுதான் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு செருப்புகள் தெரிந்தன.

"சுண்டு, வெளியில வா," என்றார் ஓட்டுநர்.

செருப்புகள் நகரவில்லை.

"என் பையனுக்குக் குதிரைன்னா உயிர்ங்க. ஆனா போன வருஷம் ஒரு இடத்துல ஏறி விழுந்துட்டான். கை உடைஞ்சு போச்சு. அதுலேர்ந்து ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. வீட்டுக்குப் பின்னால புல்வெளி இருக்குது. எங்க அண்ணன் ஒரு வண்டிக் குதிரை வச்சிருக்கார், அதனால வளர்க்கத் தெரியாதவங்க இல்ல நாங்க."

அப்பா நல்ல குணங்களைச் சொல்லி முடித்தார். நெட்டை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு இப்போது நல்ல பழக்கமாகிவிட்டது.

"இது ஓடாது. ஓடி ஒரு வருஷம் ஆச்சு. கெஞ்சினாலும் கொஞ்சினாலும் நடைதான்."

ஓட்டுநருக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. "ஓடவே ஓடாதா?"

"ஓடவே ஓடாது. இன்னொண்ணு, மேல இருக்கறவங்க கொஞ்சம் சாஞ்சாப் போதும், சட்டுனு நின்னுடும். நேரா உட்கார்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்காது. அவசரமா போறப்போ எரிச்சல் எரிச்சலா வரும்."

இன்னொரு கண்ணும் வெளியே வந்தது. கூடவே ஒரு மூக்கும்.

"நெஜமாவே நின்னுடுமா?"

"நின்னுடும்."

"விழறதுக்கு முன்னாடியா, விழுந்த பிறகா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. நெட்டையே கேட்டுக்கொண்டதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"முன்னாடிதான்," என்றாள். "நான் இதுலேர்ந்து விழுந்ததே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

சுண்டு முழுதாக வெளியே வந்துவிட்டான். சுண்டெலி அளவுக்குத்தான் இருந்தான். பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏறிப் பார்க்கறியா?" என்று கேட்டார் அப்பா.

அவன் தன் அம்மாவைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்ட அப்பாவையும் பார்க்கவில்லை. நெட்டையைப் பார்த்தான். அப்படிப் பார்த்தால் அவள் என்ன செய்வாள்? கால் வைக்கிற அங்கவடியின் வாரைச் சுருக்கி மேலே ஏற்றினாள். அவள் சின்னவளாக இருந்தபோது மாட்டிய ஓட்டை அதே இடத்தில் இருந்தது. அங்கே தோல் இன்னும் மடிந்திருந்தது. சுண்டுவின் கால்கள் அளவெடுத்ததுபோல் பொருந்தின.

பொட்டலம் நடந்தது. சுண்டு பயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். பொட்டலம் நின்றது. அவன் நிமிர்ந்ததும் மறுபடி நடந்தது. இன்னொரு முறை சாய்ந்தான், இன்னொரு முறை நின்றது. அதற்குப் பிறகு அவன் வேண்டுமென்றே சாய்ந்து பார்த்தான். அப்போதும் நின்றது. சுண்டு முதல்முறையாகச் சிரித்தான்.

முற்றத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தபோது பொட்டலத்தின் காதுகள் நிமிர்ந்தன. வாலை ஒரு வீசு வீசியது. பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே ஓட ஆரம்பித்தது. பெரிய ஓட்டமில்லை, துள்ளு நடைதான். ஆனாலும் அது ஓட்டம்தான்.

"வாயை மூடு, ஈ புகுந்துடும்," என்று நெட்டையிடம் சொன்னார் அவள் அம்மா.

நெட்டைக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றுக்காரக் குதிரை! ஒரு வருடமாக அவள் எவ்வளவு கெஞ்சியிருப்பாள்? ஊர்பேர் தெரியாத ஒருவன் வந்து உட்கார்ந்ததும் ஓடுகிறதா?

கோபம் அதிக நேரம் நிற்கவில்லை. அதன் கால்களைப் பார்த்தாள். எவ்வளவு லேசாகத் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்புகின்றன! பொட்டலத்துக்குச் சோம்பல் இல்லை. அவள்தான் கனத்துப்போயிருக்கிறாள். ஒரு வருடமாக அவளைச் சுமந்துகொண்டு முடிந்தவரை நடந்திருக்கிறது. அவளோ அதையே குறை என்று சொல்லியிருக்கிறாள். நெட்டைக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது.

சுண்டு இறங்கி வந்தான். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"நீ சொன்ன மாதிரி இல்லையே. ஓடுதே!"

"நான் ஏறினா ஓடாது," என்றாள் நெட்டை.

"கடிக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தச் சுண்டு மறுபடியும் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். பொட்டலம் இங்கேயே இருக்கும். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். குறை சொல்வது அவர் வேலை இல்லை.

"கடிக்காது," என்றாள் நெட்டை. "யாரையும் கடிச்சதே இல்ல."

பிறகு தொப்பியைப் பற்றிச் சொன்னாள். தேங்கிய தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். தும்மலைப் பற்றியும் சொன்னாள். சுண்டு ஒவ்வொன்றுக்கும் பாடம் கேட்பதுபோல் தலையாட்டினான்.

"இன்னும் ஒரு குறை இருக்கு," என்றாள். "காதுக்குப் பின்னால சொறிஞ்சு விட்டா, தலையைத் தூக்கி நம்ம தோள்மேல வச்சுடும். ரொம்ப கனமா இருக்கும். லேசுல எடுக்கவும் எடுக்காது."

"அது குறையா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா. ஸ்கூலுக்கு நேரமாயிடும்," என்றாள்.

சுண்டு கையை நீட்டினான். கயிறு நெட்டையின் கையில் இருந்தது. கொடுக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். விரல்கள்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"நீயும் ஒருநாள் வளந்துடுவ," என்றாள் சுண்டுவிடம். "வளந்ததும் முதல்ல எங்ககிட்டதான் வந்து சொல்லணும்."

"சொல்றேன். அப்ப நானும் குறையெல்லாம் சொல்லணுமா?"

"ஒண்ணு விடாம சொல்லணும்."

"சரி," என்றான்.

நெட்டை கயிற்றை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மூடிவிட்டாள்.

பொட்டலம் சுண்டுவோடு வாசல் தாண்டி நடந்தது. பின்னால் ஓட்டுநர் போனார். தெரு திரும்பும்வரை நெட்டை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காலியான தடுப்புக்குள் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முடித்ததும் இரண்டு பேருமாகப் பழைய வைக்கோலை அள்ளிப்போட்டு, தரையைக் கழுவினார்கள்.

மறுநாள் காலை, பழுப்புக் குதிரையைப் பார்க்க அப்பாவும் அவளும் கிளம்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அப்பா வேகமாக நடந்தார். நெட்டையின் கால்களுக்கு அந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை.

"ஏம்ப்பா, அந்தக் குதிரையை ஏன் விக்கறாங்க?"

"அதை ஓட்டற பொண்ணு வெளியூர் காலேஜுக்குப் படிக்கப் போகுது. கூட்டிட்டுப் போக முடியாதுல்ல?"

"அப்ப அதோட குறையெல்லாம் அந்த அக்காதான் சொல்லுவாங்களா?"

"அந்தப் பொண்ணேதான்."

நெட்டை நடையின் வேகத்தைக் குறைத்தாள்.

"அப்ப நாம இவ்வளவு வேகமா போக வேண்டாம்பா," என்றாள். "அங்க போயும் அவசரப்படுத்தாதீங்க. அந்த அக்கா எவ்வளவு நேரம் வேணும்னாலும் சொல்லட்டும்."