நீலப் பட்டன்

சிட்டுவின் தம்பிக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் உருண்டை. பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றே அவன் வளர்ந்துகொண்டு போனான். போன மாதம் வாங்கிய சட்டைக்குள் இந்த மாதம் தலையே நுழையவில்லை.

புதுசு வாங்கக் கடைக்குப் போனார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும் குழந்தைச் சட்டை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, வேன் ஓட்டும் அப்பாவுக்கே தலை சுற்றியது. அவர் போட்டிருந்த சட்டை அதைவிட மலிவு. அன்றிலிருந்து அப்பாவின் பழைய சட்டைகளை வெட்டி, அம்மாவே வீட்டில் தைக்க ஆரம்பித்தாள்.

சிட்டு சும்மா இருப்பாளா? அவளும் ஒரு சட்டை தைத்தாள். கை கொஞ்சம் கோணல், கழுத்து ரொம்பவே கோணல். ஆனால் முன்னால் வரிசையாக நீலப் பட்டன்கள் வைத்திருந்தாள் பாருங்கள், அது ஜோராக இருந்தது. காசை மட்டுமா மிச்சம் பிடிப்பது, நூலையும் பிடிப்போமே என்று ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டே தையல் போட்டாள். புத்திசாலி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

தைத்ததைத் தன்னிடம் காட்டாமல் தம்பிக்குப் போடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். காட்டினால் கழுத்தைப் பிரிக்கச் சொல்வாளே என்று, அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில் சிட்டு சட்டையைப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உருண்டை சிணுங்கினான். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அம்மா வந்து பால் கொடுத்தாள். உள்ளே போன பால் அப்படியே வெளியே வந்தது. பல் முளைக்கிறது, அதுதான் படுத்துகிறான் என்று அம்மா சொல்லிவிட்டு, துணி காயப்போடப் போனாள்.

சிட்டு தம்பியின் வாயைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். சட்டையில் ஒரு பட்டனைக் காணவில்லை.

பாயை உதறினாள். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாள். தம்பியின் விரல்களைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். எங்கும் இல்லை. எச்சில் வழியும் தம்பியின் வாயையே பார்த்தாள்.

சட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மாதான் பல் என்று சொல்லிவிட்டாளே. சிட்டு சட்டையைக் கழற்றியும் விட்டாள். பீரோவுக்குப் பின்னால் தள்ளக் குனிந்தவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாவிட்டால், தம்பியை யார் காப்பாற்றுவார்கள்?

தம்பியையும் சட்டையையும் அள்ளிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, இதுல ஒரு பட்டன் காணோம். தம்பி முழுங்கிட்டான்னு நினைக்கிறேன். நான்தான் தைச்சேன். உங்கிட்ட காட்டாமலே போட்டுவிட்டுட்டேன்."

அம்மா ஈரக் கையோடு உருண்டையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சிட்டு சட்டையை விடாமல் பின்னாலேயே ஓடினாள்.

மருத்துவமனையில் உருண்டையின் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் எதுவுமே தெரியவில்லை. அம்மா பெருமூச்சு விட்டாள். டாக்டரம்மா விடவில்லை. சிட்டுவின் கையிலிருந்த சட்டையை வாங்கி, மிச்சம் இருந்த பட்டன்களில் ஒன்றை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக். படத்துல தெரியாது. குழாய் விட்டு உள்ள பார்த்துடலாம்."

உருண்டையை மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. அப்பா வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை காலடிச் சத்தம் கேட்டபோதும் சிட்டு எழுந்து கதவைப் பார்த்தாள். தம்பி இனிமேல் கண்ணே திறக்காவிட்டால் என்று நினைத்தாள். அழக்கூடப் பயமாக இருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. டாக்டரம்மாவின் கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் நீலப் பட்டன்.

"குழந்தை நல்லா இருக்கான். சாப்பாட்டுக் குழாய்ல மாட்டியிருந்தது," என்றவர் சிட்டுவைப் பார்த்தார். "நீ சொல்லலைன்னா, பல்லு முளைக்குதுன்னு சொல்லி நானும் அனுப்பியிருப்பேன்."

சிட்டு அப்போதுதான் அழுதாள். அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அவளைவிடப் பலமாக அழுதாள். அப்பா இருவருக்கும் கைக்குட்டை தேடினார். வேன் துடைக்கும் துணிதான் கிடைத்தது.

உருண்டை வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, சிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். எல்லாப் பட்டன்களையும் வெட்டி எறிந்துவிட்டு, குட்டிக் குட்டியாக நாடா வைத்தாள். இந்த முறை நூலில் கஞ்சத்தனமே இல்லை. முதலில் அம்மாவிடம் காட்டினாள். அம்மா இழுத்துப் பார்த்தாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நாடா அசையவில்லை.

சட்டையைப் போட்டதும் உருண்டை நாடாவை வாயில் வைத்து இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். கோபத்தில் முகம் சிவக்க, வீடே அதிரும்படி கத்தினான்.

"கத்துடா தங்கம், நல்லா கத்து," என்றாள் சிட்டு.